மேனேஜருக்கு இடம் போதவில்லை

எங்கள் வீட்டு மீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. ஹால் ஜன்னலுக்குக் கீழே இருந்த தொட்டியின் இந்த மூலையில் மூக்கு, அந்த மூலையில் வால், நடுவில் உடம்பு வில்லாக வளைந்து நின்றது. அப்பா பல் தேய்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, வாய் நிறைய நுரையோடு தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். லாரிக்குப் பின்னால் நிற்கிற கிளீனர் மாதிரி கையை ஆட்டினார்.

"வா... வா... லேசா ஒடி... அப்படியே பின்னால வா... நில்லு!"

மீன் நின்றது. அப்பா சொன்னதற்காக இல்லை. அதற்கு வேறு வழியில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அதை ஒரு பாலித்தீன் பையில் வாங்கிவந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. "தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் வளரும்" என்று கடைக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார். அதை அவர் மீனிடம் சொல்லவில்லை. இப்போது அது என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் இருக்கிறது. ஆள் பக்கத்தில் போனால் வேகமாக வரும், வாயைத் திறக்கும், மூடும், ஒரு வேலையும் செய்யாது. அப்பா அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். அப்பாவின் ஆபீஸில் அப்படி ஒருத்தர் இருக்கிறாராம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு இரண்டே திசைதான் தெரியும். மேலே, கீழே. அம்மாவோ பக்கவாட்டில் போகிறவள். குடிநீர் ஆபீஸில் புகார் போன் எடுக்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் யாரோ கத்துவார்கள், அம்மா "சரிங்க, சரிங்க" என்பாள். மொத்த 'சரி'யையும் அங்கேயே செலவழித்துவிடுவதால் வீட்டுக்கு ஒன்றுகூட மிச்சம் வராது. இருபது வருஷத்தில் அப்பா சொன்ன எதற்கும் அம்மா 'சரி' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணக்கு வரவில்லை. வருகிற மாதிரி நடிக்கவும் வரவில்லை. இரண்டு வருஷம் ஒரு பார்லரில் நின்று முடி வெட்டக் கற்றுக்கொண்டேன். அது வந்தது. எனக்கென்று ஒரு நாற்காலி போட, ஒரு கண்ணாடி மாட்ட, எட்டடிக்கு எட்டடி இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருப்பது பின் ரூம் ஒன்றுதான். அதில் அப்பாவின் 'சாமான்' இருக்கிறது. செத்துப்போன லிஃப்டுகளின் பட்டன் பலகைகள், மோட்டார்கள், கம்பிவட உருளைகள், சுற்றாத ஏழு மின்விசிறி. ஒவ்வொன்றுக்கும் இன்னும் உயிர் இருக்கிறது என்று அப்பா சொல்வார். ஒரு வருஷமாக நானும் அம்மாவும் அந்த ரூமைக் கேட்கிறோம். நான் அழுதும் கேட்டிருக்கிறேன். கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் எப்படியோ உடம்பை முறுக்கித் திரும்பியது. திரும்பிய வேகத்தில் மூடி பறந்தது, பாதித் தண்ணீர் தரையில். அப்பா நுரையைத் துப்பிவிட்டு வந்து, ஹாலின் நடுவில் நின்று அறிவித்தார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இந்த மீன் இந்த வீட்டை விட்டுப் போகாது. ஆறடியில தொட்டி வாங்கப் போறேன். யார் என்ன சொன்னாலும் சரி!"

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை.

"சரி" என்றாள்.

அப்பா அடுத்த வாக்கியத்துக்காக வாயைத் திறந்திருந்தார். அது திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் தொட்டிக்குள் மேனேஜர் வாயும் அப்படியே.

"என்ன சரி?"

"நீங்க சொன்னது சரி."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆறடித் தொட்டி வாங்கலாம்னீங்க. வாங்குங்க. வாயில்லாத ஜீவன், எத்தனை நாளைக்கு இப்படிக் கிடந்து அல்லாடும்?"

"நீதானே போன வாரம் அதைக் குழம்பு வெச்சிடுவேன்னே?"

"அது போன வாரம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வாசற்படி என்று நினைத்துக் காலை வைத்தால் அங்கே படியே இல்லாத மாதிரி இருந்தது.

அன்று ஓர் அவசர லிஃப்ட் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா என்னைத் தெருமுனை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்.

"உங்கம்மா 'சரி'ன்னாளே, கேட்டியா?"

"கேட்டேன்."

"உடம்புக்கு எதுவும் முடியலையா அவளுக்கு?"

"நல்லாத்தான் இருக்கா. ரெண்டு தடவை சோறு போட்டுக்கிட்டா."

"அப்போ ஏன் 'சரி'ன்னா?"

"அவகிட்டயே கேளுங்களேன்."

"கேட்டா அதுக்கும் 'சரி'ன்னுடுவாளோன்னு பயமா இருக்கு பாப்பா."

மறுநாள் அம்மா அளக்கும் டேப்போடு கிளம்பினாள். ஹாலை அளந்தாள். ஆறடித் தொட்டியை வைத்தால் கதவு பாதிதான் திறக்கும். அடுப்படியில் வைத்தால் அடுப்பை வெளியே வைக்க வேண்டும். படுக்கிற ரூமில் வைத்தால் அப்பாவை வெளியே வைக்க வேண்டும். கடைசியில் பின் ரூமுக்குப் போய், வாசலிலேயே நின்று, உள்ளே பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"ஏங்க, இங்கே கச்சிதமா நிக்கும்."

"அங்கே என் சாமான் இருக்கே?"

"சாமான் பெரிசா, மீன் பெரிசா?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே உட்கார்ந்து யோசித்தார். பின் ரூம் காலியாகப் போகிறது! ஆனால் காலியானதும் அதில் தொட்டி வந்துவிட்டால் எனக்கு என்ன? அம்மா யார் பக்கம்? என் பக்கமா, மீன் பக்கமா? அடுப்படிக்குப் போய் நேராகவே கேட்டேன்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. அந்த ரூம் எனக்கா, மேனேஜருக்கா?"

"முதல்ல காலி ஆகட்டும்டி" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடேயப்பா! மீனைக் காட்டி ரூமைக் காலி பண்ணவைத்து, கடைசி நேரத்தில் தொட்டியை வேண்டாமென்று சொல்லி, என் நாற்காலியை உள்ளே தள்ளப் போகிறாள். இப்படி ஒரு மூளையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். அதுதான் தப்பு. என் முகத்துக்கு எதையும் மூடிவைக்கத் தெரியாது. அப்பா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டார்.

புதன்கிழமை அம்மா நாலு காலிச் சாக்கைக் கொண்டுவந்து பின் ரூம் வாசலில் போட்டாள்.

"உங்க கையாலயே எடுத்துப் போடுங்க. நான் தொட்டா உடைஞ்சதுன்னு சொல்லுவீங்க."

அப்பா ஒரு பட்டன் பலகையைக் கையில் எடுத்தார். சாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பட்டன் பலகையில் விளக்கு எரியவில்லை, அவர் முகத்தில் எரிந்தது.

"ஓஹோ! அப்படியா சேதி! நாலு சாக்கு இங்கே கிடக்கு. அஞ்சாவது சாக்கு தொட்டியில நீந்துது!"

"என்ன உளர்றீங்க?"

"மீனைச் சாக்கா வெச்சு ரூமைப் பிடுங்கப் பார்க்கிறீங்க, ஆத்தாளும் மகளும். அதான் 'சரி'யா? அதான் இவ ரெண்டு நாளா பல்லைக் காட்டிக்கிட்டு அலையறாளா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க!"

"இருபது வருஷம் உன்கூடக் குப்பை கொட்டியிருக்கேன். எனக்கா தெரியாது?"

"அந்தக் குப்பைதாங்க ரூம்ல இருக்கு."

"பேச்சை மாத்தாதே! இப்போ நான் முடிவு சொல்றேன். மீன் போகும். ரூம் இருக்கும்!"

அம்மா தலையில் கை வைத்து அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருஷம் புள்ளை மாதிரி வளர்த்துட்டு இப்படிக் கல்லாப் பேசறீங்களே. வேண்டாங்க, கெஞ்சிக் கேக்கறேன். மேனேஜர் இங்கேயே இருக்கட்டும்."

"முடியாது."

"ரூமைக் கொஞ்சமா ஒதுக்கினா போதும்."

"ஒரு திருகாணிகூட நகராது!"

நான் அழுதேன். நிஜமாக அழுதேன். என் முகத்தால்தான் எல்லாம் போனது என்று தெரிந்து அழுதேன். அப்பாவுக்கு ஒரு நிமிஷம் மனம் இளகியது. என் பக்கம் கையை நீட்டினார். பிறகு அதுவும் திட்டமாக இருக்கும் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டார்.

அப்பா லிஃப்ட் பார்க்கிற ஒரு பல் ஆஸ்பத்திரி நாலாவது மாடியில் இருக்கிறது. காத்திருக்கிறவர்கள் உட்காரும் இடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு தொட்டி. டாக்டரிடம் அப்பா கேட்டார். டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை மேனேஜரைத் தண்ணீர் டிரம்மில் போட்டு ஆட்டோவில் கொண்டுபோனோம். லிஃப்ட் எடை தாங்காமல் கீகீயென்று கத்தியது. உள்ளே இருந்த இரண்டு பேரை அப்பா பார்த்தார்.

"கொஞ்சம் இறங்கி மாடிப்படியில வாங்க சார்."

"நாங்க ஏன் இறங்கணும்? டிரம்மை இறக்குங்க."

"உள்ளே ஆள் இருக்கு சார்."

இருவரும் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் வாயைத் திறந்து மூடியது. மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டார்கள்.

பெரிய தொட்டியில் விட்டதும் அது ஒரு முழு வட்டம் அடித்தது. முட்டாமல், முறுக்காமல், சாவகாசமாக. அப்பா கண்ணாடியில் கை வைத்து ரொம்ப நேரம் நின்றார். "நல்லாத்தான் இருக்கான்" என்றார். அது அதன் பின் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரூமைக் காப்பாற்றிய கதையை ஆட்டோ டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "பொம்பளைங்க போடுற கணக்கு நமக்குப் புரியணும் தம்பி. புரிஞ்சுதுன்னா ஜெயிச்சோம்." டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை நானும் அப்பாவும் சந்தைக்குப் போய்விட்டுப் பையோடு திரும்பினோம். கதவைத் திறந்ததும் அப்பா வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து ஒரு அடி பின்னால் வைத்தார். தொட்டி இருந்த இடத்தில் தொட்டி இல்லை. தெருப் பக்க ஜன்னலுக்குக் கீழே, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. முன்னால் சுற்றுகிற நாற்காலி ஒன்று. பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கீழே தண்ணீர் போக வழி, இரண்டு பிளக். எல்லாம் மேனேஜருக்காக அப்பா தன் கையால் போட்டது. என் கத்தரிக்கோல்கள் வரிசையாகத் தொங்கின. அம்மா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"கண்ணாடி."

"அது தெரியுது!"

"பின்னே ஏன் கேக்கறீங்க?"

"நீ... நீங்க பின் ரூமைத்தானே கேட்டீங்க?"

"பின் ரூமா?" அம்மா துணியைப் பிழிந்தாள். "முடி வெட்டிக்க வர்றவங்க அடுப்படியில புகுந்து, குளிக்கிற ரூமைத் தாண்டி, உங்க இரும்பையெல்லாம் மிதிச்சுக்கிட்டுப் போவாங்களா? தொழில் பண்ணினா தெருவைப் பார்த்துப் பண்ணணும்."

"அப்போ ஒரு வருஷமா ஏன் அதையே கேட்டே?"

"இந்த இடத்தைக் கேட்டிருந்தா மீனை இங்கேயே சிமெண்ட் வெச்சுப் பூசியிருப்பீங்க."

அப்பா மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரை அரைச்சுற்று சுற்றி, பின் ரூம் பக்கம் பார்க்கவைத்தது. அங்கே அவர் சாமான் ஒரு திருகாணிகூட நகராமல் பத்திரமாக இருந்தது.

நான் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"தெரியும்டி" என்றாள் அம்மா. "நீ அழுததைப் பார்த்துத்தான் அவர் நம்பினார்."