எடையே இல்லாத லாரி

மனைவியின் அண்ணன் எதிரில் மட்டும் பீற்றிக்கொள்ளக் கூடாது. மாமனார் பாதிதான் நம்புவார். மச்சான் முழுதாக நம்பிவிடுவார்.

என் மச்சான் ஏழுமலை, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் எடைமேடைப் பொறுப்பாளர். லாரியின் எடையைத் திரையில் காட்டும் புரோகிராம் யாரோ எந்தக் காலத்திலோ எழுதியது. கம்ப்யூட்டரை மாற்றியதும் தராசு வயரைச் செருகும் இடம் மாறிவிட்டது. புரோகிராமில் ஓர் எண்ணைத் திருத்தி, புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித்தரும் புதுக் கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்தால் போச்சு, அரை மணி நேர வேலை என்றேன், வேப்பம்பட்டில் எங்கள் வீட்டு மட்டன் குழம்பைப் பிசைந்தபடி. (வாயில் எலும்பு இருந்தும் நாக்கு அடங்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. அன்று போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாக முனகாமல் கம்பைல் ஆனது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்கும் லிங்கரின் முறை வந்ததும் திரை முழுக்க எர்ரர். தராசோடு பேசும் லைப்ரரி என்கிற ஃபைல் பழைய கம்பைலரில் செய்தது. அதை எழுதிய மூலப் பிரதி யாரிடமும் இல்லை. அதிலிருந்த ஒரு பெயரைக்கூடப் புது லிங்கருக்கு அடையாளம் தெரியவில்லை. லைப்ரரியை இருக்கிற ஃபோல்டரிலெல்லாம் போட்டுப் பார்த்தேன். மச்சான் டீ வாங்கி வந்து பயபக்தியோடு பக்கத்தில் நின்றார்.

அந்த டீதான் என்னைக் கெடுத்தது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, லிங்கர் தேடிய ஃபங்ஷன்களை, அதாவது லைப்ரரியில் இருக்கவேண்டிய கட்டளைத் துண்டுகளை, அதே பெயரில் நானே காலியாக எழுதிவிட்டேன். எது கேட்டாலும் பூஜ்யம் என்று பதில் சொல்லும், அவ்வளவுதான். எர்ரர் எல்லாம் மாயம். திரையில் பூஜ்யம். மேடையில் லாரி இல்லை. ஆக, சரியான எடை! மச்சான் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில், அது போலி என்பதே எனக்கு மறந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான்.

மறுநாள் சிறுவாபுரி முருகன் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். மச்சான் அதற்கென்றே பட்டு வேட்டி எடுத்திருந்தார். முதல் லாரியை எடை போட்டுவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. போன்தான் வந்தது.

"மாப்ள, ஃபுல் லோடு லாரி மேல நிக்குது. ஜீரோன்னு காட்டுது."

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மச்சான்."

"பண்ட்டேன். இன்னா பண்ணி வெச்ச நீ?"

சொன்னேன். ஒவ்வொரு லாரியையும் வெளியே வேறோர் எடைமேடைக்கு அழைத்துப்போகும் வேலை அவர் தலையில் விழுந்தது.

நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. ஏதோ லிங்கர் எர்ரராம், அண்ணனால் வர முடியவில்லை என்று மனைவி சொல்ல, அவளுடைய பெரியம்மா கொதித்துவிட்டார்.

"யார்டி அந்த லிங்கரு? தாய்மாமன வரவுடாம புட்ச்சி வெச்சிக்கினு கீறான்."

கடைசியில் மனைவியின் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்தோம். குழந்தை அழுதது. நானும் அழுதேன். (கற்பூரப் புகை என்று சமாளித்தேன்.)

மச்சான் வந்தபோது பந்தி முடிந்திருந்தது. பட்டு வேட்டி பையிலேயே இருந்தது. குழந்தையின் காதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

"தெர்லன்னு சொல்லியிருந்தா நான் இன்னா சொல்லப்போறேன் மாப்ள?" என்றார்.

அடுத்த நாள் நண்பரிடம் பழைய கம்பைலரை வாங்கி, அதிலேயே செய்தேன். ஓர் எர்ரர்கூட வரவில்லை.

இப்போதும் வீட்டில் விசேஷம் என்றால், அந்த லிங்கருக்கு மட்டும் பத்திரிகை வைத்துவிடாதீர்கள் என்பார் பெரியம்மா. எல்லோரும் சிரிப்பார்கள், மச்சானும்தான். ஆல்பத்தில் காதுகுத்துப் படம் வரும்போது மட்டும் நான் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுவேன்.