முத்திரை இல்லாத கோலா

எழுத்து எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பல்லாயிரம் ஆண்டுகளாக உலகம் விடை தேடியது. பெருந்தொற்றின் முதலாம் ஆண்டு அக்டோபரில், மெக்சிகோவின் புவெப்லா நகரில், லா கரிதாத் குடியிருப்பில் அது தீர்மானமாக விளங்கியது. பிஸ்கட் பொட்டலத்தைப் படிப்பதற்காக.

அந்த மாதம்தான் பொட்டலங்களின் நெற்றியில் கறுப்பு எண்கோண முத்திரைகள் வந்தன. ‘சர்க்கரை அதிகம்’, ‘உப்பு அதிகம்’, ‘கலோரி அதிகம்’. முன்பு இந்த விவரமெல்லாம் பொட்டலத்தின் முதுகில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் கிடந்தது. முகக்கவசத்தின் ஆவி மூக்குக்கண்ணாடியில் படிகிற காலத்தில் எறும்பை யார் படிப்பது? போதாததற்கு, ‘வாங்காத பொருளைத் தொடாதீர்’ என்று கடைகளில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். முத்திரையோ இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் தெரியும். தொற்றுக்கென்றே அளவெடுத்துத் தைத்த அறிவு அது.

நிக்கானோர் த்லபாலேவுக்கு அந்த வடிவம் புதிதல்ல. அவர் சிற்றுந்து ஓட்டுநர். தெருமுனையில் ‘நில்’ என்று சொல்லும் பலகையும் எண்கோணம்தான். அதைப் பார்த்து புவெப்லாவில் எந்தச் சிற்றுந்தும் நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அவரே நின்றுபோயிருந்தார். சர்க்கரை நோய்க்காரர்களைத் தொற்று சீக்கிரம் கொண்டுபோய்விடுகிறது என்று பயந்து முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். “சர்க்கரை கட்டுக்குள்ள இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும். டிசம்பர்ல வண்டியை எடுத்துக்கோ. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா நினைக்காதே.” அன்றிலிருந்து நிக்கானோர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால்கூட வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது.

இந்த நெருக்கடியில்தான் ‘லா கரிதாத் உணவு முத்திரை விழிப்புணர்வுக் குழு’ உதயமானது. தலைவர் தோன் எவரார்தோ; அந்த ஊரில் பெரியவர்களை மரியாதைக்கு ‘தோன்’, ‘தோன்யா’ என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் என்பதால் அவரை விடத் தகுதியானவர் குடியிருப்பில் இல்லை. பொருளாளர் மூலைக்கடை தோன்யா சொக்கோரோ. கூட்டம் கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு மீட்டர் இடைவெளியில் நடந்ததால், ரகசியம் என்று எதுவும் இருக்க முடியவில்லை. எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள்.

“நண்பர்களே! முத்திரை இருந்தா விஷம். முத்திரை இல்லேன்னா?” என்று முழங்கினார் தோன் எவரார்தோ.

“விஷம் இல்லை!” என்றது மைதானம்.

“இதுக்கு மேல விஞ்ஞானம் என்ன இருக்கு?”

யாரும் ஆட்சேபிக்கவில்லை. நிக்கானோர் கை தட்டினார். நோயாளியே கை தட்டியதால் அது ‘மக்கள் ஆதரவு’ என்று பதிவானது. அவர் அன்றைக்கே குழுவின் ‘முன்மாதிரி நுகர்வோர்’ ஆக்கப்பட்டார்.

வீடு திரும்பியதும் சோதனை தொடங்கியது. சோளச்செதில் டப்பா, இரண்டு முத்திரை, வெளியே. ஜாம், வெளியே. மனைவி ஓதிலியா கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“கெழவா, அந்த அவரைக்காய் டப்பாவையும் தூக்கிப் போட்டுட்டே. அப்புறம் என்னத்தை சாப்பிடப் போறே, கதவையா?”

“உப்பு அதிகம்னு போட்டிருக்கு, கெழவி. படிக்கத் தெரியாதா உனக்கு?”

“எனக்குப் படிக்கத் தெரியும். உனக்குத்தான் நிறுத்தத் தெரியாது.”

அவள் சொன்னது பொறாமை என்று நிக்கானோர் எடுத்துக்கொண்டார். முன்மாதிரிகளின் வீடுகளில் இது சகஜம்.

சாப்பிடுவதற்கு ஒன்றும் குறைவில்லை. காலையில் தள்ளுவண்டிக்காரர் ஆவி பறக்க தமாலே கொண்டுவந்தார். பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைந்த சோளமாவைச் சருகில் சுற்றி அவித்தது. நிக்கானோர் சருகைப் பிரித்து முன்னும் பின்னும் பார்த்தார். முத்திரை இல்லை. அதை ஒரு ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டார். ரொட்டியிலும் முத்திரை இல்லை. மாலையில் அடுமனையின் சர்க்கரை தூவிய பன். அதன் மேலே சிப்பி மாதிரி கோடு இருந்தது. எண்கோணம் இல்லை.

ஒரே ஒரு துயரம்தான் பாக்கி. கோலா. சாப்பாட்டோடு கோலா இல்லையென்றால் நிக்கானோருக்கு உணவு தொண்டையிலேயே நிற்கும். புட்டியின் மேல் முத்திரை பளிச்சென்று இருந்தது. ஒரு வாரம் அவர் மூலைக்கடைப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். பிறகு ஒருநாள் முகம் திரும்பவில்லை.

“தோன்யா சொக்கோரோ, ஒரு கோலா... பார்க்க மட்டும்.”

“பாத்துட்டு என்ன பண்ணப் போறீங்க? குடிச்சுட்டுப் போங்க.”

“முத்திரை இருக்கே.”

தோன்யா சொக்கோரோ அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். காலி புட்டி கடைக்கே திரும்ப வேண்டும் என்பதால், எத்தனையோ காலமாகச் செய்துவந்ததைத்தான் அவர் இப்போதும் செய்தார். புட்டியைத் திறந்து, கோலாவைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, வாயை முடிந்து நீட்டினார்.

“இப்ப பாருங்க. இருக்கா?”

நிக்கானோர் பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். உள்ளே குமிழிகள் ஏறின. ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். தெளிவான, களங்கமற்ற பிளாஸ்டிக். அவருக்குக் கண் கலங்கியது.

“இல்லை” என்றார்.

அவருக்கு உள்ளே எங்கோ ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. முதல் உறிஞ்சலில் அது இறங்கிப்போயிற்று.

செய்தி குழுவுக்கு எட்டியதும் தோன் எவரார்தோ நேரில் வந்து பையை ஆய்வு செய்தார். இரண்டு பைகள் ஆய்வு செய்தார். ‘பொட்டலம் நீக்கிய உணவு’ என்ற கொள்கை அப்படித்தான் பிறந்தது. தோன்யா சொக்கோரோ பிஸ்கட்டுகளையும் வறுவல்களையும் உறை கிழித்துக் கண்ணாடி ஜாடிகளில் கொட்டினார். உறைகளை முத்திரையோடு சேர்த்துக் கொல்லையில் கொளுத்தினார். கடை வாசலில் குழு பலகை மாட்டியது: ‘இங்கே முத்திரை கிடையாது.’ அதற்குப் பிறகு வியாபாரம் இரு மடங்கானது, விழிப்புணர்வும்தான்.

டிசம்பர் வந்தது. நிக்கானோர் சவரம் செய்து, ஓட்டுநர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, டாக்டர் செனைதாவிடம் போனார். ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டர் முதலில் முகக்கவசத்தைச் சரிசெய்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

“தோன் நிக்கானோர், என்ன சாப்பிட்டீங்க?”

“முத்திரை இருக்கறது ஒண்ணுகூட இல்லை, டாக்டர். சத்தியமா.”

“சரி. முத்திரை இல்லாதது?”

“தமாலே. ரொட்டிக்குள்ள வெச்சு.”

“அப்புறம்?”

“பன்னு. ரெண்டு. அப்புறம் கோலா.”

“கோலா புட்டியில முத்திரை இருக்குமே!”

“புட்டியில இருக்கு டாக்டர். நான் பையில குடிச்சேன்.”

டாக்டர் ஏப்ரல் மாதத்துப் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்தார். “ஏப்ரல்ல இருந்ததை விட ரொம்ப ஏறியிருக்கு” என்றார். “கண்ணையும் ஒருதரம் பரிசோதிச்சிடுவோம். வண்டி ஓட்டலாம்னு என்னால சொல்ல முடியாது. மன்னிச்சுக்கோங்க.”

“ஓட்டினாத்தானே டாக்டர் நான் ஓட்டுநர்?”

டாக்டர் கண் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி நீட்டினார். மறுநாள் முதலாளி வேறு ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

குழு அவசரமாகக் கூடியது. தோன் எவரார்தோ நிலைமையை நிதானமாக ஆராய்ந்தார். “முத்திரை தப்பு பண்ணாது. குழுவும் தப்பு பண்ணாது. அப்ப மிச்சம் இருக்கறது யாரு?”

எல்லாரும் நிக்கானோரைப் பார்த்தார்கள்.

“திருட்டுத்தனமா ஏதோ பொட்டலம் பிரிச்சிருக்காரு” என்றார் தோன்யா சொக்கோரோ, வேதனையோடு.

“ஏம்மா சொக்கோரோ!” என்று இரண்டு மீட்டர் இடைவெளியை மீறி முன்னால் வந்தாள் ஓதிலியா. “பையைக் கட்டிக் கட்டிக் கொடுத்த கை யாரோடது?”

“பையில முத்திரை இருந்துச்சா?” என்றார் தோன் எவரார்தோ. “ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“இல்லை. ஆனா...”

“‘இல்லை’ன்னு பதிவு பண்ணுங்க.”

நிக்கானோர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “இப்ப நான் என்னதான் சாப்பிடறது, கெழவி?” என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் அடுப்பில் அவரைக்காயைப் போட்டுவிட்டு, தெரியவில்லை, விசாரிப்போம் என்றாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஒரு இளம் பெண் குரல். உணவு முத்திரை பற்றிய பொதுமக்கள் விழிப்புணர்வுக் கணக்கெடுப்பாம்.

“சார், முத்திரைன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியும்மா.”

“வாங்கும்போது பாப்பீங்களா?”

“பாக்காம எதுவும் வீட்டுக்குள்ள வந்ததில்லை.”

“சூப்பர். ‘எப்போதும்’. முத்திரையைப் பாத்து எதையாவது வேண்டாம்னு விட்டிருக்கீங்களா?”

“எல்லாத்தையும் விட்டேன். ஆனா தங்கச்சி, சர்க்கரை ஏறிடுச்சு. வண்டியும் போயிடுச்சு.”

“அதுக்கு இதுல கேள்வி இல்லைங்க சார். கடைசியா ஒண்ணு. முத்திரை உங்க வாழ்க்கையில மாற்றம் கொண்டுவந்துச்சா?”

நிக்கானோர் ஆணியில் தொங்கிய, இஸ்திரி கலையாத ஓட்டுநர் சட்டையைப் பார்த்தார்.

“கொண்டுவந்துடுச்சும்மா.”

“‘ஆம்’. ரொம்ப நன்றி சார், நல்லா இருங்க.”

அந்த ஒரு ‘ஆம்’ சேர்ந்ததும் லா கரிதாத் கணக்கெடுப்பில் நூற்றுக்கு நூறு பெற்று நகரிலேயே முதலிடத்தில் நின்றது. மைதானத்தில் பாராட்டு விழா நடந்தது. வந்திருந்த அதிகாரி நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: “இந்தக் குடியிருப்பில் இது ஒருவரைக்கூட விட்டுவைக்கவில்லை.”

அந்த வருடம் முழுக்க அதிகாரிகள் நோயைப் பற்றித்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விழிப்புணர்வைப் பற்றிச் சொன்னது இதுவே முதல் முறை.