சாட்சியம் எண் ஒன்று: என் மோடம்

ஒன்றுமே தெரியாதவனால் ஒரு வீட்டுக்குப் பெரிய ஆபத்து கிடையாது. அவன் தெரிந்தவனைக் கூப்பிட்டுக் கேட்பான், வேலை முடிந்துவிடும். ஆபத்தெல்லாம் பாதி தெரிந்தவனால்தான். நான் இணையம், மென்பொருள், நுகர்வோர் உரிமை மூன்றிலும் பாதிப் பாதி தெரிந்தவன். மூன்று பாதியைக் கூட்டினால் ஒன்றரை நிபுணன் என்று அந்தக் காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மலாக்காவில், பாச்சாங்கில் ஒரு டயர் கடையில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. (டயர் கடைக் கிராணிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.) காலையில் கடை திறந்ததும் கைப்பேசியில் தொழில்நுட்பச் செய்தி, நுகர்வோர் செய்தி எல்லாவற்றையும் மேய்வேன். பத்து மணிக்குள் எங்கள் குடியிருப்பான தாமானின் வாட்ஸ்அப் குழுவில் என் கருத்து ஏறிவிடும். ‘ஏற்கிறேன் என்ற பொத்தானை அழுத்துமுன் நாற்பது பக்கத்தையும் படியுங்கள், நம் தலையெழுத்தே அதற்குள்தான் இருக்கிறது.’ ‘நாம் வாங்கிய பிரிண்டருக்கு எந்த மை ஊற்றுவது என்று சொல்ல கம்பெனிக்காரன் யார்?’ ‘மென்பொருளைப் புதுப்பி, புதுப்பி என்று நச்சரிப்பது எந்த ஊர் நியாயம்?’ ஒவ்வொன்றுக்கும் கீழே யாராவது இரண்டு கை கூப்பிய படத்தைப் போடுவார்கள். அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், ‘போதும்பா, விட்டுடு’ என்று கும்பிட்டிருக்கிறார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். விமலாவுக்கு வேலை கோலாலம்பூரில், எனக்கு மலாக்காவில். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவாள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போவாள். குடும்பம் நடத்தினோம் என்பதைவிட மலாக்கா பஸ் நிலையத்தில் டாட்டா காட்டினோம் என்பதே பொருத்தம். கடைசியில் அவள் தன் மேலாளரிடம் கெஞ்சி ஓர் அனுமதி வாங்கினாள். மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். தடங்கல் இல்லாமல் ஓடினால் அப்படியே தொடரலாம், இல்லையென்றால் பழையபடி கோலாலம்பூர். தடங்கல் இல்லாமல் ஓட ஒன்றே ஒன்றுதான் வேண்டும், நல்ல இணையம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் போட ஹபீஸ் என்ற மலாய்க்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். (கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றும் எங்கள் வீட்டில் அவர்கள் லைன்தான்.) சுவரில் ஒரு சிறிய பெட்டியைப் பொருத்தி, அதிலிருந்து மோடத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடி இழைக் கேபிளை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. விமலா கணினியைத் திறந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். ஹபீஸ் போன பத்தாவது நிமிடம் நியாலாஸிலிருந்து என் அம்மா போனில் கூப்பிட்டார்.

“புது சாமான் வந்திருக்காமே. பூசை போட்டியாய்யா?”

“மோடத்துக்கெல்லாம் யாரும்மா பூசை போடுவாங்க?”

“ஏன், காடிக்குப் போடல? வாசிங் மெசினுக்குப் போடல? அதுவும் கரண்டுல ஓடுறதுதானே லா. மருமக வேலை சம்பந்தப்பட்ட விசயம், சும்மா விடாதே.”

அம்மா சொன்னதில் தப்பில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் புது லோரி வந்தாலும் டிராக்டர் வந்தாலும் முனீஸ்வரர் கோயில் முன்னால் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனப் பொட்டு வைத்த பிறகுதான் வேலைக்கு எடுப்பார்கள். “உயிர் எங்கே ஓடுதோ அங்கே வைக்கணும்” என்பார் அப்பா. லோரிக்கு என்ஜினில், தண்ணீர் பம்புக்கு அதன் வாயில். அம்மா பேச்சைக் கேட்டுச் சும்மா மோடத்தின் தலையில் ஒரு பொட்டு வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் நான் நிபுணன் ஆயிற்றே. உயிர் எங்கே ஓடுகிறது என்று அறிவியல்பூர்வமாக யோசித்தேன். கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. அந்த ஒளி வெளியே வருகிற இடம் கேபிளின் முனை.

விமலா அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கேபிளைப் பிடுங்கினேன். பச்சைத் தலைக்குள் வெள்ளையாக, அரிசியைவிடச் சிறிய ஒரு முனை இருந்தது. பன்னீரில் குழைத்த சந்தனத்தை அதன் மேல் பக்தியோடு வைத்தேன். சந்தனத்தின் மேல் ஒரு துளி குங்குமம். இடது கையில் கேபிளைத் தூக்கிப் பிடித்து, திருநீற்றுப் பட்டை போட்ட மோடத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன். பிறகு அழுத்தி மாட்டிவிட்டுச் சூடம் காட்டினேன். விளக்கு கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பச்சைக்கு வந்தது. படத்தை ‘எங்கள் இல்லத்தில் புதிய ஒளி’ என்று குழுவில் போட்டேன். தாமானே பார்த்தது, விமலாவும் பார்த்தாள். ஒருவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. எங்கள் கண்ணுக்குப் பொட்டு வைத்த பொருள் பத்திரமான பொருள்.

இரவெல்லாம் சந்தனம் காய்ந்திருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விமலா மேலாளருக்கு வணக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு அப்படியே உறைந்தாள் என்று மறுமுனையிலிருந்து செய்தி வந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு.

கம்பெனியின் செயலியில் மாயா என்று ஓர் இயந்திர உதவியாளர் உண்டு. ‘வணக்கம், நான் உங்கள் தோழி’ என்று ஆரம்பித்தாள். முதல் கேள்வி, மோடத்தை அணைத்துப் போட்டீர்களா? ஆம். இரண்டாம் கேள்வி, கேபிளின் முனை சுத்தமாக இருக்கிறதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுத்தான் பூசை போட்ட வீடு, இதைவிட என்ன சுத்தம் வேண்டும் இந்தத் தோழிக்கு? ‘ஆம்’ என்று அழுத்தினேன். இரண்டு நாளில் அதே கேள்வியைப் பதினொரு முறை கேட்டாள், பதினொரு முறையும் ‘ஆம்’ என்றேன்.

“அந்த ஆளையே கூப்பிடுங்க. வந்து பாத்துட்டுப் போகட்டும்” என்றாள் விமலா.

“அவசரப்படாதே. இது ரிப்பேர் இல்ல, கேஸ்.”

“எனக்குக் கேஸ் வேணாங்க. லைன் போதும்.”

அந்த ஒரு வரியோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கருத்து எழுதி எழுதி ஊறிப்போனவனுக்கு, கடைசியில் தனக்கே அநியாயம் நடந்ததில் ஒரு சந்தோஷம் இருக்கிறது பாருங்கள், அது பொல்லாதது. சாட்சியத்தைக் கலைக்க விடக்கூடாது என்று எங்கேயோ படித்திருந்தேன். (கொலை வழக்கைப் பற்றிய செய்தியாக இருந்திருக்கலாம்.) மோடத்தைக் கேபிளோடு கழற்றி, மேலே வைத்திருந்த பூசை எலுமிச்சம்பழத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, டேப் சுற்றி, தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் கம்பெனி அனுப்பி ஹபீஸ் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். “செகெஜாப் சாஜா, பாங்” என்றார். ஒரே நிமிடம்தான் அண்ணே என்று கெஞ்சுகிறார். நான் கேட்டைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் புது மோடத்தோடு மறுபடி வந்தார். புதுசைக் கொடுத்துப் பழைய குற்றத்தை மூடப் பார்க்கிறீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன்.

கைப்பேசி இணையம் வீடியோ கூட்டத்துக்குத் தாங்கவில்லை. விமலா கணினியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் இருந்த டோபிக் கடைக்குப் போனாள். நாமே துணியைப் போட்டுத் துவைத்துக்கொள்கிற கடை அது, இலவச இணையம் உண்டு. துணி காயவைக்கும் இரண்டு மெசின்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என்ன சத்தம் என்று மேலாளர் கேட்டால் மழை என்பாள். அந்த மாதம் மலாக்காவில் ஒரு பொட்டு மழை இல்லை. ஒரு நாள் மாதக் கணக்கை அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெரியவர் தன் கைலிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாராம். மேலாளர் மழையைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

அவளுடைய அண்ணன் குமரேசன் சுங்கை ரம்பாயில் வயரிங் வேலை செய்பவர். தங்கை டோபியில் உட்கார்ந்திருக்கிற செய்தி கேட்டு வந்துவிட்டார்.

“மாப்ள, நான் ஒருக்கா கழட்டிப் பாக்கவா?”

“முடியாது மச்சான். சீல் வச்சிருக்கு.”

“யாரு வச்சா?”

“நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். இந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவர் அவர்தான். டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஏழாவது வாரம் நுகர்வோர் தீர்ப்பாயத்தில் என் புகாரின் விசாரணை. கல்யாணத்துக்குக் கட்டிய டையைக் கட்டிக்கொண்டு, கை வலிக்கிற கனத்தில் ஒரு கோப்போடு போனேன். விமலா விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். தலைவர் ஒரு மலாய்ப் பெண்மணி. எதிர்த் தரப்பில் மெல்லிய கோப்போடு ஓர் அதிகாரியும் ஹபீஸும்.

லைன் எந்தத் தேதியில் வந்தது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு என்னிடம் அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. சாட்சியம் எண் ஒன்று, பூசைப் படம். கலரில், பெரிதாக, போட்டோக் கடையில் கொடுத்துப் போட்டிருந்தேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இனி ஆப்பா, என்சிக்?” என்றார். மோடத்தின் பட்டையைக் காட்டி இது என்ன ஐயா என்று கேட்கிறார்.

திருநீறு, எங்கள் சம்பிரதாயம் என்று மலாயில் விளக்கினேன். தலையாட்டினார். விரல் நகர்ந்து என் இடது கையில் வந்து நின்றது.

“இது?”

“அது சந்தனம், புவான்.”

“கேபிளின் முனையிலா?”

“ஆமாம் புவான். அங்கேதானே ஒளி...”

ஒளி என்ற சொல்லை வாய் சொல்லி முடிப்பதற்குள் மூளை வந்து சேர்ந்துவிட்டது. ஏழு வாரம் எங்கேயோ போயிருந்த மூளை, ஒரு நிமிடம் தாமதித்து வந்திருக்கக் கூடாதா? எதிரே ஹபீஸ் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி தன் மெல்லிய கோப்பிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாயாவின் கேள்வியும் என் பதினொரு ஆம்களும்.

பையைத் திறக்கச் சொன்னார்கள். நானே சுற்றிய டேப்பை நானே பிரித்தேன். அதற்குள் இருந்த எலுமிச்சம்பழம் கறுத்துப்போயிருந்தது. கேபிளின் முனையில் சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது, நடுவில் என் குங்குமம் அழியாமல். இதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று தலைவர் ஹபீஸைக் கேட்டார்.

“செகெஜாப் சாஜா, புவான்.”

தலைவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த முறை பெட்டியின் மேல் வையுங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி, புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார்.

கார் நிறுத்திய இடத்துக்கு வந்தோம். கதவைத் திறந்தபோது விமலா கைப்பேசியை நீட்டினாள். காலையில் ஏழு மணிக்கு மேலாளரிடமிருந்து வந்த செய்தி. வீட்டிலிருந்து வேலை ரத்து, அடுத்த மாதம் முதல் கோலாலம்பூர்.

“காலையிலயே ஏன் சொல்லல?”

“நீங்க கேஸுக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தீங்க. மனசு ஒடஞ்சுட்டா பேச முடியாதேன்னு விட்டுட்டேன். எப்படியும் ஜெயிச்சிருவீங்கன்னு நெனச்சேன்.”

சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு சட்டம் பேசியிருப்பேன். என்னை நம்பினாள் என்பதற்கு என்னிடம் எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் கார் பார்க்கில் நின்று அழுதேன். டை வேறு கழுத்தை இறுக்கியது.

அன்று மாலை ஹபீஸ் வந்தார். பேனா மாதிரி ஒரு கருவியால் இரண்டு தடவை ‘டிக், டிக்’ என்று துடைத்தார். பச்சை விளக்கு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு இணையம் ஒரு நாளும் நிற்கவில்லை. பதினாலு மாதம், தினமும் விமலாவின் முகத்தைப் பளிச்சென்று திரையில் பார்த்தேன். எடுத்துவைத்த சோறு ஆறிப்போகும். அவள் கோலாலம்பூரில் சாப்பிடுவதைப் பார்த்தபடி நான் இங்கே சாப்பிடுவேன். நான் எந்தக் கருத்தும் எழுதவில்லை. குழுவில் யாராவது லைன் போச்சு என்று போட்டால் மட்டும் உடனே ஒரு பதில் வரும், ‘சந்தனம் யார் வச்சது?’

மலாக்காவிலேயே ஒரு வேலை கிடைத்த பிறகுதான் விமலா திரும்பி வந்தாள். போன தீபாவளிக்குப் புதுக் கணினி ஒன்று வாங்கினாள். அம்மா நியாலாஸிலிருந்து வந்திருந்தார், குமரேசன் மச்சானும் இருந்தார். அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்ததும் வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விமலா கிண்ணத்தை வாங்கி நேரே என்னிடம் வந்து, என் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

“சாமானுக்கு வைம்மா” என்றார் அம்மா.

“சாமான் நல்லாத்தான் இருக்கு அத்தை. கோளாறு இங்கதானே.”

மச்சான் அன்றுதான் எங்கள் வீட்டில் டீ குடித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், சோறாக்கும் குக்கராக இருந்தாலும் சரி, பொட்டு எனக்குத்தான். வைத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஓடத் தொடங்கியதும் உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள்.