கணினிக்கு வந்த கண்ணேறு

வெள்ளிக்கிழமை என்றால் சாந்தா ஒலாயா என்ற மலையூரில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் கால் வைக்க முடியாது. ஒருத்தி மடிக்கணினியைக் கம்பளித் துணியில் சுற்றி, கைப்பிள்ளையைப் போல முதுகில் கட்டிக்கொண்டு நிற்பாள். ஒருவன் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே கணினிப் பெட்டியை வைத்துத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வருவான். நகராட்சித் தலைமை எழுத்தர் ஹெராசிமோ அலுவலகக் கணினியையே பெயர்த்து எடுத்துவந்து வரிசையில் நிற்பார். அரசாங்கத்தைப் பார்த்தும் யாரோ பொறாமைப்படுகிறார்கள் போலிருக்கிறது.

இத்தனை பேரும் காத்திருப்பது அதெல்மோ மாஸ்டருக்காக. மலையுச்சியில் நின்றபோது மின்னல் தாக்கியும் பிழைத்தவராம். மின்னல் பட்டவனுக்குத்தான் மின்சாரத்தின் மனசு தெரியும் என்பார். சொன்னவர் அவர், நம்பியவர்கள் இவர்கள், மின்னலை யாரும் விசாரிக்கவில்லை. தலைநகரில் ஒரு கைபேசி பழுதுபார்க்கும் கடையில் அவர் இரண்டு வருஷம் வேலை பார்த்த கதையை அவரும் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை.

அவருடைய வைத்தியம் இதுதான். கணினி மெதுவாக எழுந்திருக்கிறதா? அதற்குக் கண்ணேறு பட்டிருக்கிறது. மனுஷனுக்குக் கண்ணேறு பட்டால், கைக்குள் அடங்குகிற கறுப்புக் கினிப்பன்றியை உடம்பெல்லாம் தடவிக் கழிப்பது அந்த மலைநாட்டு வழக்கம். மாஸ்டர் அதே கினிப்பன்றியைத் திரையிலும் பெட்டியிலும் தடவுவார். வாயில் கரும்புச் சாராயத்தை ஊற்றி நாலு பக்கமும் கொப்பளிப்பார். பிறகு ஒரு பெரிய கம்பளிப் போர்வையை எடுத்துத் தன்னையும் கணினியையும் சேர்த்து மூடிக்கொள்வார். கழிந்த கண்ணேறு பக்கத்தில் நிற்பவர்மேல் பாய்ந்துவிடும் என்பதால் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பரலோக மந்திரத்தை ஏழு தடவை சொல்ல வேண்டும். ஏழாவது ஆமென் சொல்லித் திரும்பினால் போர்வை விலகியிருக்கும். கணினியை அணைத்துப் போடுவார். அரை நிமிஷத்தில் பளிச்சென்று எழுந்துகொள்ளும். கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும்.

டெல்ஃபினா பல்தேயோன் இந்தக் கூட்டத்துக்கு மார்ச் கடைசியில்தான் வந்து சேர்ந்தாள். நீதிமன்றத்துக்கு எதிரே இரண்டு கை அகலத்தில் ஒரு கடை வைத்திருந்தாள். ஊராருக்கு மனு எழுதுவது, பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடிப்பது, ஓடிப்போன கணவனுக்கு ஜீவனாம்ச நோட்டீஸ் தயாரிப்பது எல்லாம் அவள் வேலை. அவளுடைய கணினிக்கு எட்டு வயசு. காலையில் அதைப் போட்டுவிட்டு மூலைக்கடைக்குப் போய், சுடச்சுட மூலிகைக் கஷாயம் குடித்து, கடைக்காரியிடம் ஊர்க்கதை பேசித் திரும்பி வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காத்திருந்த ஆள் எழுந்து அடுத்த கடைக்குப் போயிருப்பான்.

பக்கத்துச் சுவரில் நகலெடுக்கும் கடை வைத்திருந்தவள் இர்மா யவுரி. டெல்ஃபினாவும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயசு. டெல்ஃபினாவின் மகள் யெசேனியாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள்தான். உன் பெட்டிக்கு ஒரு நோயும் இல்லை, அது எழுந்திருக்கும்போது கூடவே நிரல்களின் ஒரு கும்பல் எழுந்திருக்கிறது, வேண்டாததிடம் எழுந்திருக்காதே என்று சொல்லிவைத்தால் போதும் என்று இர்மா ஒருநாள் சொன்னாள். மை விற்க வந்த ஒரு பெண் தனக்குக் காட்டிக்கொடுத்ததாகவும், இரண்டு நிமிஷ வேலை, வந்து செய்துதருகிறேன் என்றும் சொன்னாள். டெல்ஃபினாவுக்கு அது பிடிக்கவில்லை. தான் எட்டு வருஷமாகக் கணினி முன் உட்கார்ந்திருப்பவள். நாள் முழுக்க ஒரே பச்சைப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பவள் தனக்குப் பாடம் எடுப்பதா? தலையை ஆட்டிவைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் வாசலில் பேர் கொடுத்தாள். அவளுடைய முறை வர இரண்டு வாரம் ஆயிற்று.

மாஸ்டர் போர்வைக்குள் போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“இதை நான் சரி பண்ணித் தரேன், காசு வேணாம்னு உங்கிட்ட யாராவது சொன்னாங்களா?”

“ஆமா மாஸ்டர். பக்கத்துக் கடைக்காரி சொன்னா.”

மாஸ்டர் வருத்தமாகத் தலையசைத்தார். கழிப்பெல்லாம் முடிந்து கணினி பளிச்சென்று எழுந்த பிறகு, கோக்கா இலைகளை மேஜையில் விசிறிப் போட்டுக் குறி பார்த்தார். பொறாமைக்காரி பெண். உன் வீட்டுச் சோறு தின்ற கை. உன் வாசலுக்கு அடுத்த வாசல். பேரை மட்டும் சொல்லவில்லை. அவர் எப்போதும் பேர் சொல்வதில்லை. அந்த வேலையை வந்தவர்களே செய்துகொள்வார்கள்.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு சாமர்த்தியம்! ஊரில் எவனுக்கு இந்தத் தந்திரம் தெரியுமோ, எவன் சும்மா செய்துதருகிறேன் என்று முன்வருகிறானோ, அவனே பொறாமைக்காரன். மாஸ்டருக்குத் தொழில் போட்டியே இல்லாமல் போயிற்று. ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மாமனார் மருமகனை வாசலோடு அனுப்பினார். உதவி செய்ய வந்த இளநிலை எழுத்தரை ஹெராசிமோ இடுகாட்டுப் பதிவேடு பார்க்க மாற்றிவிட்டார். அந்த ஆள் மூன்று மாதமாகக் கல்லறைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

டெல்ஃபினா கடைவாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிய கற்றாழையைத் தொங்கவிட்டாள், இர்மா கடைப்பக்கம் பார்த்தபடி. காலையில் இர்மா வணக்கம் சொன்னால் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். கஷாயக்கடையில் எல்லார் காதிலும் விஷயத்தைப் போட்டுவைத்தாள். சரியாக நாற்பதாம் நாள் கணினி மறுபடியும் படுத்தது. மாஸ்டரிடம் ஓடினாள். இந்தப் பொறாமை வேரோடு இருக்கிறது, அவள் உன் வீட்டு வாசலை மிதித்துக்கொண்டிருக்கிற வரையில் தீராது என்றார் மாஸ்டர். அதற்கு மேலும் ஒரு நாற்பது நாள். மறுபடியும் படுத்தது. இதற்கு நடுவில் யெசேனியாவின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு அழைப்பு அச்சடித்தார்கள். அந்த ஊரில் கல்யாணத்துக்கு அடுத்த பெரிய விழா அது. ஞானத்தாய் கைபிடித்துத்தான் பெண் மண்டபத்துக்குள் வருவாள். அழைப்பில் இர்மாவின் பேர் இல்லை.

ரொட்டி விற்பவள் வாயிலாகத்தான் இர்மாவுக்குக் காரணம் தெரிந்தது. அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தன் கடைக் கணினியைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் வாசலில் வரிசையில் நின்றாள்.

டெல்ஃபினா அங்கே மூன்றாம் தடவையாகத் தன் பெட்டியோடு நின்றிருந்தாள். பொறாமைக்காரியே வைத்தியத்துக்கு வந்ததைப் பார்த்துக் கூட்டம் குசுகுசுத்தது. டெல்ஃபினாவுக்குக் காது சுட்டது. இர்மா அவளைப் பார்க்கவே இல்லை.

முறை வந்ததும் இர்மா திரையையும் பெட்டியையும் மேஜையில் வைத்தாள். போட்டுக் காட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கினிப்பன்றி வந்தது, சாராயம் தெறித்தது. மாஸ்டர் போர்வையை விரித்தபோதுதான் கவனித்தார்.

“விசைப்பலகை எங்கம்மா? மவுஸ் எங்க?”

“வீட்டுல இருக்கு மாஸ்டர். கண்ணேறு பட்டது பெட்டிக்குத்தானே.”

“அது இல்லாம எப்படிக் கழிக்கறது?”

“ஏன், கினிப்பன்றி டைப் அடிக்குமா?”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டுப் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். டெல்ஃபினாவுக்கும் உதட்டோரம் வரைக்கும் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். அடக்கிய பிறகு அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நிஜமாகவே, விசைப்பலகை எதற்கு?

விசைப்பலகை வழியாகத்தான் துர்சக்தி வெளியேறும் என்றார் மாஸ்டர். போன வாரம் வரைக்கும் திரை வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தன்னுடைய விசைப்பலகையைத் தர முன்வந்தார். வேண்டாம் என்றாள் இர்மா. மின்னலைத் தாங்கியவர் இதைத் தாங்கமாட்டாரா என்று கேட்டாள். கூட்டம் மாஸ்டரைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் போர்வைக்குள் போனார். எல்லாரும் சுவரைப் பார்த்து நின்று ஏழு தடவை ஜெபித்தார்கள். வெளியே வந்தபோது மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது, அந்த மலைக்குளிரில்.

கணினியை அணைத்துப் போட்டார்கள். ஒரு பரலோக மந்திரம் சொல்லும் நேரம் போயிற்று. இரண்டு போயிற்று. ஒன்பதாவது பாதியில் ஒருவழியாக எழுந்தது.

அத்தோடு மாஸ்டர் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இவளே பொறாமைக்காரி, இவள் பெட்டி எப்படித் தேறும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார். கூட்டம் அப்பாடா என்று மூச்சு விட்டது. ஏமாந்தோம் என்று ஒப்புக்கொள்வதைவிட பக்கத்துவீட்டுக்காரியைச் சூனியக்காரி என்று நம்புவது எவ்வளவு சுலபம்!

இர்மா முதல்தடவையாக டெல்ஃபினா பக்கம் திரும்பினாள்.

“சரி, நான்தான் பொறாமைக்காரி. அப்போ நான் தொட்டா உன் பெட்டி இன்னும் மோசமாகணும். தொடட்டுமா?”

தொடவிடாதே என்றார் மாஸ்டர், கொஞ்சம் அவசரமாக. அந்த அவசரம் டெல்ஃபினாவுக்கு உறுத்தியது. எட்டு வருஷமாக நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருப்பவள் அவள். ஆவணத்தைப் பார்க்காதே என்று எந்தத் தரப்பு கத்துகிறதோ அந்தத் தரப்பில்தான் கோளாறு இருக்கும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். தன் சொந்த விஷயத்தில்தான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

“தொடு,” என்றாள்.

இர்மா போர்வை போடவில்லை. யாரையும் திரும்பச் சொல்லவில்லை. டெல்ஃபினா கொண்டுவந்த பெட்டியையும் விசைப்பலகையையும் மாட்டி, திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவைத்து, கணினி எழுந்திருக்கும்போது கூடவே எழுந்திருக்கிறவற்றின் பட்டியலைத் திறந்தாள். இந்தச் சோதனைக்காகத் தன் கணினியில் வேண்டுமென்றே ஓடவிட்டிருந்ததுபோல எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாக நிறுத்திக் காட்டலாம் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். பட்டியலைப் பார்த்ததும் அவளே கண்ணைச் சுருக்கித் திரைக்கு அருகே குனிந்தாள்.

“டெல்ஃபினா, இதையெல்லாம் நீயா நிறுத்தி வச்ச?”

பாட்டுப் போடுவது, யெசேனியாவின் விளையாட்டுகள் மூன்று, அச்சுப்பொறிக்காரன் திணித்தது, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வைரஸ் தடுப்புகள், இன்னும் சில உதிரிகள் என்று மொத்தம் பதின்மூன்று பேர். பதின்மூன்றுக்கும் எதிரே ‘நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது. டெல்ஃபினா நிறுத்தவில்லை. அப்படி ஒரு பட்டியல் இருப்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். போர்வைக்குள் என்ன வைத்தியம் நடந்தது என்பது கூட்டத்துக்கு மெதுவாக உறைத்தது.

பதினாலாவதாக ஒன்று இருந்தது. பேர் என்று சொல்ல எதுவும் இல்லை, நாலு எழுத்தும் நாலு எண்ணும். அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. என்றைக்கு வந்து குடியேறியது என்று இர்மா பார்த்தாள். ஏப்ரல் பன்னிரண்டு, காலை பத்து இருபது.

“அது வெள்ளிக்கிழமை,” என்றாள் டெல்ஃபினா. “அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். அந்தச் சுவரைப் பாத்துட்டு.”

இர்மா அதையும் நிறுத்திக் கணினியை மறுபடி போட்டாள். முதல் பரலோக மந்திரம் பாதி போவதற்குள் எழுந்துவிட்டது. உண்மையில் யாரும் மந்திரம் சொல்லவே இல்லை.

ஹெராசிமோ தன் பெட்டியை முட்டிமோதிக் கொண்டுவந்து வைத்தார். அதே பட்டியல், அதே நாலு எழுத்தும் நாலு எண்ணும். உருளைக்கிழங்கு வண்டிக்காரன் பெட்டியிலும் அதே. கம்பளித் துணியை அவிழ்த்து எடுத்த மடிக்கணினியிலும் அதே. நாற்பது நாள் படுத்துத் தூங்கிவிட்டுப் பிறகு எழுந்து கணினியின் கழுத்தைப் பிடிக்கிற சரக்கு. முதல் தடவை மாஸ்டர் நோயைத் தீர்த்தது உண்மை. அடுத்த நோயை அவரே வைத்துவிட்டுப் போனதும் உண்மை.

மாஸ்டர் அதற்குள் வாசல்வரை போயிருந்தார். மலைத் தெய்வம் கூப்பிடுகிறதாம். வண்டிக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்தினான். ஆள் மாட்டிக்கொண்டதும் மாஸ்டர் கெஞ்சவில்லை.

“நாலு இடத்துல அமுக்குன்னு நான் சொல்லியிருந்தா, எனக்கு ஒரு காப்பி வாங்கித் தந்திருப்பீங்களா? இந்தம்மா சும்மாவே சொன்னாங்க. ஒருத்தராவது காது குடுத்தீங்களா?”

அத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவர் பேசிய ஒரே உண்மை அதுதான். அதற்கு மட்டும் யாரும் சிலுவை போடவில்லை. ஹெராசிமோ அவருடைய காலரைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். இடுகாட்டுக்கு அனுப்பிய ஆளைத் திரும்பக் கூப்பிடவும் வேண்டுமே என்ற நினைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. கறுப்புக் கினிப்பன்றியை யாரோ மதியச் சமையலுக்குத் தூக்கிப் போனார்கள். அந்தக் கடையில் யாரையும் ஏமாற்றாமல் இருந்த ஒரே ஜீவன் அதுதான். தண்டனை அதற்குத்தான் முதலில் கிடைத்தது.

சனிக்கிழமை காலையில் டெல்ஃபினா கற்றாழையைக் கழற்றிவிட்டு, புதிதாக அச்சடித்த அழைப்பை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மற்றவர்களுக்கு எத்தனையோ மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தவளுக்கு, தனக்கு ஒரு வரி வரவில்லை. எல்லாம் அந்த மாஸ்டர் பண்ணின வேலை, அவன் பேச்சை நம்பிவிட்டேன் என்றாள்.

இர்மா அழைப்பை வாங்கித் தன் பேரைத் தேடிப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

“யெசேனியாவுக்காக வர்றேன். ஆனா அவன்மேல பழியப் போடாத. அவன் பேரே சொல்லல, நீதான் என் பேரைச் சொன்ன. பெட்டி மெதுவா இருந்தா பெட்டியைத் திறந்து பாரு. என்மேல சந்தேகம் வந்தா என்னைக் கேளு. பக்கத்துச் சுவர்ல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேக்க, நடுவுல பன்னி எதுக்குடி?”

அதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சாந்தா ஒலாயாவில் இன்னும் இருநூறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர், ஆற்றுக்கு அந்தப்பக்கத்து ஊரில் முட்டையைத் தடவி இணையத்தை வேகமாக்குகிற ஒரு அம்மா வந்திருக்கிறாராமே என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். முட்டைக்கு முன்னால் சொந்தத் தலையை ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம். அதற்குக் காசு கிடையாது. ஒருவேளை அதனால்தான் யாரும் தட்டுவதில்லை.