இரண்டு சங்கங்களும் விலக்கிய அகப்பை

கப்பலூர்ச் செங்கல் காளவாசலை மழை கரைத்துவிட்டது. வேலை போய், மதுரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு தர்ம சங்கங்களை ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போடவைத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஊரார் அவரை 'அகப்பை' என்பார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு மர அகப்பையைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்திருப்பார். எங்கே அன்னதானமோ அங்கே கிண்டுவார். கடைவீதி வியாபாரிகள் சங்கத்தின் மஞ்சள் துண்டு தலையில், தல்லாகுளம் வக்கீல்கள் சங்கத்தின் நீலத் துண்டு இடுப்பில். எதிரே வருகிற ஆளைப் பார்த்து இரண்டும் இடம் மாறும்.

வைகை வெள்ளம் கோச்சடையில் குடிசைகளை அடித்துப் போயிருந்தது. அவரோடு நானும் அங்கே போனேன். சோறு கிடைக்கும் என்ற நினைப்புதான். கிடைக்கவில்லை. கஞ்சி ஊற்ற இரண்டு சங்கங்களும் வந்திருந்தன. வியாபாரிகளிடம் அரிசி இருந்தது, அண்டா இல்லை. வக்கீல்களிடம் அண்டாவும் விறகும் இருந்தன, அரிசி இல்லை. அண்டாவில் யார் பேர் எழுதிய துணியைக் கட்டுவது என்பதில் இரண்டு நாள் போயிருந்தது. சனங்கள் ஊறவைத்த அரிசியை மென்றுகொண்டிருந்தார்கள்.

அகப்பை வியாபாரிகளின் தலைவரிடம் ஓடினார். வக்கீலய்யா தோற்றுப்போய் உங்களைக் கூப்பிடுகிறார் என்றார். அப்படியே வக்கீல்களின் தலைவரிடம் ஓடி, முதலாளி தோற்றுப்போனார் என்றார். இருவரும் பெருந்தன்மையோடு வந்து சேர்ந்தார்கள். மத்தியானம் கஞ்சி கொதித்தது. வரிசை ஆற்றுக்கரை வரை நின்றது.

வியாபாரி வக்கீலின் தோளைத் தட்டினார். "முடியலைன்னா முந்தியே சொல்லியிருக்கலாம்ல?"

"நானா? நீங்கதானே ஆள் விட்டீங்க?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அகப்பை கிண்டுவதை நிறுத்தவில்லை. "அண்ணே, கொஞ்சம் ஒதுங்கி நின்னு பேசுங்க. கஞ்சி தெறிக்கும்."

வரிசையில் நின்ற சனத்தின் முன்னால் அடுப்பை அணைக்க இருவருக்கும் துணிவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரை விலக்கித் தீர்மானம் எழுதினார்கள். இரண்டு துண்டும் பறிபோயின. இனிமேல் எந்தச் சங்கத்தையும் சேராதவன்தான் கிண்ட வேண்டும் என்றும் எழுதினார்கள். கஞ்சி வரிசைக்கு வெளியே அப்படி இருந்தவன் நான் ஒருவன்தான்.

அவர் தன் மர அகப்பையை என் கையில் கொடுத்தார். "கை நிக்காமக் கிண்டு மாப்ள. அடிபிடிச்சா, யார் தப்புன்னு அதுக்கொரு கூட்டம் போடுவாக."

எந்த ஊரிலும் ஒரு மாதம் தரிக்காத கால் எனக்கு. ஆனாலும் மறுநாள் காலையில் அண்டா முன்னால் நின்றேன். இரண்டு வேளைக் கஞ்சிதான் கூலி. வெறுந்தலையோடு, வரிசையின் கடைசியில் அவர் வந்து நின்றார். அடிவரை விட்டுக் கலக்கி, கெட்டியாக அள்ளி ஊற்றினேன்.