சீனியின் மாப்பிள்ளைச் செருப்பு

ஆளைப் பார்த்ததும் கால் அளவைச் சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். கண்டி டவுனில் செருப்புக் கடை வைத்திருப்பவன் வேறு எதைப் பற்றிப் பெருமையடிப்பது? யார் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பேன். (முகம் பிறகு. சிலருடைய முகம் இன்றுவரை ஞாபகத்தில் இல்லை.) இப்படிப்பட்டவனின் வீட்டு முற்றத்தில் ஒரு ஜீவன் நாலு காலோடு நின்றுகொண்டிருந்தது. அந்த நாலையும் நான் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தில் குட்டைக் கழுதை வளர்த்து, கட்டிப்பிடித்து, நெற்றியில் முத்தம் கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. கற்பிட்டியில் இருக்கும் மச்சானிடம், அதாவது என் மனைவி ரிஸானாவின் தம்பியிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கழுதைக்குப் பஞ்சமில்லை. தெரிந்த வீடொன்றில் பிறந்த, என் இடுப்புக்கும் எட்டாத ஒரு பெண் கழுதையை லொறியில் ஏற்றிக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சாம்பல் நிறம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகள். சீனி என்று பெயர் வைத்தேன்.

கற்பிட்டியில் வெயிலும் கரடான தரையும். எங்கள் பக்கம் மழையும் ஈரமும். அது போதாதென்று நான் அவளுக்குச் சொகுசு வேறு செய்து கொடுத்தேன். கல் குத்தும் என்று முற்றம் முழுக்கப் புல் பதித்தேன். கொட்டிலுக்குக் கடையிலிருந்து ரப்பர் விரிப்பு கொண்டுபோனேன். கழுதையின் குளம்பு நம்முடைய நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், கரடான தரையில் நடந்தால் தேயும், இல்லாவிட்டால் வெட்டிவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. (வீடியோவில் முத்தத்தை மட்டும்தான் காட்டினார்கள்.)

நாளடைவில் முன்னங்குளம்புகள் இரண்டும் நீண்டு, நுனி மேல்நோக்கி வளைந்தன. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். நானோ கலியாண மாப்பிள்ளைமார் போடும் நுனி சுருண்ட ஜரிகைச் செருப்பை வருஷக்கணக்காக விற்பவன். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. "பாத்தீங்களா, மாப்பிள்ளைச் செருப்போடயே வந்தீக்கிறா" என்று வருகிற விருந்தாளிகளையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன்.

ரிஸானாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "அவ நடக்கிறது சரியில்ல. எந்நேரமும் படுத்தே ஈக்கிறா. காலக் கொஞ்சம் தூக்கிப் பாருங்களேன்" என்றாள்.

"கால் விசயம் எனக்கே சொல்லித் தாறியா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் ஏன் பேசப் போகிறாள்?

பேராதெனிய வீதியில் கடையின் புதிய கிளையைத் திறக்கும் நாள் வந்தது. வாசலுக்கு மேலே பெரிய பேனர்: 'உங்கள் பாதம், எங்கள் பொறுப்பு.' சீனி கழுத்தில் ரிப்பனோடு நடந்துவந்து கடைக்குள் முதல் காலை வைக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு. ஊரே பேசும் என்று நினைத்தேன். பேசியது.

லொறியிலிருந்து இறங்கிய சீனி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நடு வீதியில் படுத்துவிட்டாள். நான் இழுத்தேன். புது உடுப்போடு பின்னால் போய்த் தள்ளினேன். பின்னால் பஸ்கள் வரிசையாக நின்று ஹோர்ன் அடித்தன. "முதலாளி, சைஸ் சரியில்ல போல, வேற ஜோடி காட்டுங்க" என்றார் ஒரு கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "கழுதப் புத்தி" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, அவள் முதுகில் இரண்டு தட்டும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அழைப்பின் பேரில் வந்திருந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் மிருக வைத்தியர், யாழ்ப்பாணத்து அம்மா. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி, சீனியின் வலது முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"எவ்வளவு காலமா குளம்பு வெட்டேல்லை?"

"வெட்டணுமா டொக்டர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடியில அழுகிப் போச்சு. ஈரத்திலயே நிண்டிருக்கு."

"ஒரு நாளும் கத்தல்லயே. நான் இந்த வளைவ அழகுன்னுல்ல நெனச்சேன்."

"இது வடிவில்லை, வருத்தம், குளம்பில நோய். கழுதை நோவை லேசில காட்டாது. இனி ஏலாது எண்டு வந்தாத்தான் படுக்கும்."

"திரும்ப நடப்பாளா?"

"சொல்லத் தெரியேல்லை. ஒரேயடியா வெட்டவும் ஏலாது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பாக்கோணும்."

எழும்பும்போது அந்தப் பேனரை ஒரு தரம் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆசையாய்ப் பதித்த புல்லை நானே கொத்திப் போட்டுவிட்டுக் கல் பரப்பினேன். கொட்டிலைக் காயவைத்தேன். டொக்டர் வந்து வந்து குளம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினார். நான் பின்னேரங்களில் முழந்தாளிட்டு, கொக்கியால் குளம்பின் அழுக்கை எடுத்து, மருந்து போட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு சீனி முற்றத்தைச் சுற்றி நடந்தாள். ஆனால் அந்த வலது கால் முழுதாய் நேராகவில்லை. மழை நாட்களில் இன்னும் சாய்த்துத்தான் வைக்கிறாள். அந்த நோவை அவளுக்குக் கொடுத்தது நான்தான். என் அன்புக்கு அவள் அல்லவா கஷ்டப்பட்டாள்?

புதுக் கிளைக்கு ஊரில் 'கழுதைக் கடை' என்று பெயர் நிலைத்துவிட்டது. நான் போட்ட பெயர் யாருக்கும் தெரியாது.

இப்போது நான் வீட்டுக்குப் போனதும் சீனி கேட்காமலே வலது முன்னங்காலைத் தூக்கிக் காட்டுவாள். விருந்தாளிகள் வந்தாலும் அதேதான். "சீனி சலாம் சொல்றா" என்பாள் மகள்.

"சலாமில்ல" என்று ரிஸானா திருத்துவாள். "வாப்பா பாக்க மாட்டாருன்னு வார போற எல்லாருக்கும் காட்டுறா."

ஒவ்வொரு தடவையும் வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே குனிந்து, அந்தக் காலைக் கையில் வாங்கிப் பார்ப்பேன்.