சந்தகைக்குக் குறுக்கே என் பெயர்

இனிமேல் என் படத்தை ஒருவனும் திருட முடியாது என்று நான் சபதம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. பத்தே காலுக்கெல்லாம் அந்தச் சபதம் என் மனைவி சாந்தாமணியின் கைக்குப் போய்விட்டது. அது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

நான் காளிச்சாமி. சூலூரில் வீடு. வாரத்தில் ஆறு நாள் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிறவன். ஞாயிறு ஒரு நாள் மட்டும் கலைஞன். கேமராவை மாட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போவேன். பறவைகள் என்னைப் பார்த்ததும் பறந்துவிடும். சந்தகை பறக்காது. அதனால்தான் அதை எடுத்தேன்.

சந்தகை எங்கள் பக்கத்து இடியாப்பம். சாப்பிடச் சுகம், செய்யத்தான் பாடு. வேகவைத்த அரிசிமாவைச் சூடு ஆறுவதற்குள் மூன்று கால் மிஷினில் போட்டு, மேலே இருக்கிற பிடியைச் சுற்றிச் சுற்றிப் பிழிய வேண்டும். வேகவைப்பது சாந்தாமணி. சுற்றுவது நான். நாலு பேருக்குச் சுற்றினாலே மறுநாள் சீப்பெடுத்துத் தலைவார முடியாது. போன வருஷம் அவள், "ஆர்டர் எடுத்துச் செஞ்சு குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள். "என்ற ஞாயித்துக்கிழமையைத் தொடாதே" என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே, "செரிங்க" என்றாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

படம் அருமையாக வந்தது. ஜன்னல் வெளிச்சம், எலுமிச்சை சந்தகை, பக்கத்தில் தேங்காய்ப்பால். எடுத்து முடிக்கும்வரை வீட்டில் யாரையும் சாப்பிட விடவில்லை. முகநூலில் முன்னூறு லைக். என் பறவைகள் எல்லாம் சேர்ந்தும் இத்தனை வாங்கியதில்லை.

அந்த ஞாயிறு காலை பக்கத்து வீட்டுச் சாமுவேல் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, பொள்ளாச்சியில மெஸ் ஏதாச்சும் தொறந்திருக்கீங்களா?"

"இல்லீங்களே!"

"அப்ப உங்க தட்டு அங்க என்னங்க பண்ணுது?"

ஒரு மெஸ்ஸின் பேனர். அதில் என் படம். தட்டின் விளிம்பில் என் மாமனார் சென்னியப்பன் பெயர் பளபளத்தது. கல்யாணச் சீரில் பெயர் வெட்டி வந்த தட்டு அது. படம் எடுத்தவன் பெயர் எங்கும் இல்லை. மாமனார் மட்டும் பொள்ளாச்சி வரைக்கும் போய்விட்டார். அங்கேயே சபதம் செய்தேன்.

"சாந்தா, எல்லாப் படத்தையும் பூட்டிப்போடறேன். நம்ம ஆளுக மட்டுந்தான் பாக்க முடியும்."

"பூட்டுங்க. லைக்கு நானும் எங்கண்ணனும் போட்டுக்கறோம்."

"அப்பச் சின்னதாக்கிப் போடறேன். பேனர்ல அடிச்சா மங்கிப்போகும்."

"போன்லயும் சந்தகை நூல் சிக்காட்டந்தான் தெரியுமுங்க."

"செரி, மேல என் பேரை எழுதிப்போடறேன். ஓரமா, சின்னதா."

"ஓரத்தை வெட்டிப்போடுவாங்களேங்க?"

நியாயமான கேள்வி. "அப்ப நடுவுல?"

"நடுவுலதானுங்க. நல்லாப் பெருசா. வெறும் பேரு இருந்தா எந்தக் காளிச்சாமின்னு ஆருக்குத் தெரியும்? ஊரும் போன் நம்பரும் போடுங்க. திருடறவனுக்கு ஒரு பயம் வேண்டாமுங்களா?"

எனக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு மூளையை இத்தனை வருஷம் அடுப்படியிலேயே விட்டுவிட்டோமே என்று வருந்தினேன். 'காளிச்சாமி, சூலூர்' என்று சந்தகைக்குக் குறுக்கே மஞ்சள் எழுத்தில் போட்டு, கீழே நம்பரையும் போட்டேன். கடைசி எழுத்து மாமனார் பெயரை மறைத்தது. அதில் எனக்குத் தனி நிம்மதி.

புதன்கிழமை ராத்திரி கோபியிலிருந்து ரங்கம்மாள் என்று ஒரு அம்மாள் கூப்பிட்டார்.

"உங்க படத்தைப் பாத்தனுங்க."

"ஆருங்க உங்களுக்குக் குடுத்தது?"

"சம்பந்தி அனுப்புனாங்க. அவிங்களுக்கு வேற ஆரோ அனுப்புனாங்களாம்."

"என்னைக் கேக்காம எடுக்கக் கூடாதுங்க!"

"அதுக்குத்தானுங்களே கேக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு முப்பது பேருக்கு வேணும்."

"முப்பது பேருக்குப் படமா?"

"படத்தைத் தின்னவா முடியும்? சந்தகைங்க! சூலூர்ல எங்க மக ஊட்டுக்குப் பேத்தியைப் பாக்க மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க."

படத்தின் உரிமையைப் பற்றி அவருக்கு ஐந்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "உரிமையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. தேங்காய்ப்பால் தனியாக் குடுப்பீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பலகாரத்தின் படம், ஆள் பெயர், போன் நம்பர் மூன்றும் ஒன்றாக இருந்தால் அதற்கு விளம்பரம் என்று பெயர். மண்டபத்துச் சுவரிலும் ஆட்டோ முதுகிலும் தினம் பார்க்கிறேன். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை.

சாந்தாமணி போனை வாங்கினாள். "குடுத்தர்லாமுங்கக்கா. பாலு தனியாத்தான்."

"சாந்தா! முடியாதுன்னு சொல்லு!"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க முன்னால பேரு கெட்டுப்போகாதுங்களா? போட்டிருக்கறது உங்க பேருங்க."

சுற்றினேன். முப்பது பேருக்குச் சுற்றினேன். அடுத்த ஞாயிறு நாற்பது. அதற்கடுத்த ஞாயிறு சாமுவேலே பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"சாமுவேல்ங்க, இந்தப் படத்தை ஊரெல்லாம் பரப்புனவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"தெரியாதுங்களா? உங்கூட்டம்மாதானுங்க. நீங்க பேரு போட்ட அன்னிக்கே எங்கூட்டம்மா மெர்சிக்கு வந்துருச்சு. உங்கூட்டம்மாவுக்கு இருபது வாட்ஸ்அப் குரூப்பு இருக்குதாமே!"

அடுப்படியைப் பார்த்தேன். ஆவிக்கு நடுவே சாந்தாமணி நின்றாள்.

"ஏன் சாந்தா இப்படிப் பண்ணிப்போட்டே?"

"திருடக் கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க. காட்டக் கூடாதுன்னு சொல்லலையே. மாவு ஆறுதுங்க, சுத்துங்க."

சுற்றிக்கொண்டிருக்கும்போதே என் கேமராவை எடுத்து என்னை ஒரு படம் எடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. அன்றே போட்டாள். எழுநூறு லைக். படத்தில் என் நெஞ்சுக்குக் குறுக்கே மஞ்சள் எழுத்தில், நல்லாப் பெருசாக: 'சாந்தாமணி, சூலூர். அனுமதி இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது.'

ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னை எடுக்கிற மாதிரித் தெரியவில்லை.